பதினோரு நிமிடப் பாட்டில் வளையல் சத்தம்

அந்தப் பாட்டில் என்னென்ன கோளாறு என்று என்னைத்தான் கேட்டார்கள். நானும் ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தேன். மொத்தம் நாற்பத்தேழு. அதில் இருபத்தொன்பது, ஒரு பெண்பிள்ளையின் கைவளையல் சத்தம். நான் எழுதிய சத்தத்தை எல்லாம் பாட்டிலிருந்து துடைத்து எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் செத்து ஐம்பத்தேழு வருடம் ஆகிறது, அவளுக்கு ஒரு பிள்ளை இருக்கிறார், தினமும் என்னை வேலைக்கு ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டுகிறவரே அவர்தான் என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அம்மாவுடையது என்று அவருக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதானாம்.

என் காது நல்ல காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருங்காட்டுக்கோட்டையில் கார் கதவுக்குள் வைக்கிற ஸ்பீக்கர் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருடமாகக் கேட்டுப் பார்க்கிற வேலை எனக்கு. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய எட்டுக்கு எட்டு அறை, ஒரு கண்ணாடி ஜன்னல், ஒரு நாற்காலி. ஸ்பீக்கரை மாட்டினால் ஒரு டோன் கீழிருந்து மேலே ஏறும், பிறகு பாட்டு ஓடும். உள்ளே பசை விட்டிருந்தாலும் கம்பி உரசினாலும் எனக்குக் கேட்டுவிடும். தேறினால் பச்சை ஸ்டிக்கர். தேறாவிட்டால் சிவப்பு, அதற்கு என்ஜி, அதாவது ‘நாட் குட்’ என்று பேர். நடுவில் மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து எனக்குப் பதிலாக உட்காரவைத்துப் பார்த்தார்கள். மிஷின் விட்டதை எல்லாம் நான் பிடித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு என்னிடம் யாரும் வாலாட்டியதில்லை.

அந்த அறைக்குள் பேசக்கூடாது. போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வளையல், கொலுசு, ஆடுகிற தோடு எதுவும் கூடாது. சத்தம் போடுகிற எதற்கும் உள்ளே இடமில்லை. நான் மட்டும் போகலாம், ஏனென்றால் என்னிடம் சத்தம் போட எதுவும் இல்லை. வீட்டுக்காரர் பதினொரு வருடத்துக்கு முன்னால் காஞ்சிபுரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனார், போனவர் போனவர்தான். பிள்ளை இல்லாதது ஒரு சாக்கு. சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தாலாவது திட்டுவதற்கு நாலு வார்த்தை மிஞ்சியிருக்கும். லைன் வீட்டில் ஒற்றை ரூம் எனக்கு. பக்கத்து ரூம்களில் எல்லாம் ஷிப்டுக்குப் போகிற பையன்கள், ஒருத்தன் முகம் பழகுவதற்குள் காலி செய்துவிட்டுப் போய்விடுவான். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் திங்கட்கிழமை காலைவரை யாரோடும் ஒரு பேச்சு கிடையாது. திங்கட்கிழமை ஏறி, “போலாம்ணா” என்று டிரைவரிடம் சொல்லும்போது தொண்டை கட்டியிருக்கும்.

அந்த டிரைவர்தான் புருஷோத்தமன். வல்லக்கோட்டைக்காரர். நான் அவருக்குப் பின் சீட்டில் உட்காருவேன். அவர் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன், ஆனால் அந்த ஒரு ‘போலாம்ணா’வுக்கு அவர் தலையை ஆட்டாமல் வண்டியை எடுத்ததில்லை. எனக்கு அது போதும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு காலை என் அறையில் பாட்டு மாறியிருந்தது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. டோன் ஏறி முடிந்தது. அதன்பின் ஒரு தம்புரா ஆரம்பித்தது. தம்புராவா அது? தேன்கூட்டில் கல்லெறிந்த மாதிரி ஒரு இரைச்சல். அதன்மேல் ஒரு கிடார் பின்னாலிருந்து முன்னால் வந்தது, அதாவது முடிவு முதலில், ஆரம்பம் கடைசியில். போர்வெல் குழாய்க்குள் தலையை விட்டுப் பாடுகிற மாதிரி ஒரு ஆள் இங்கிலீஷில் என்னவோ முனகினான். இடையிடையே கிணிங் கிணிங் என்று கண்ணாடி. ஸ்பீக்கர் போய்விட்டது என்று சிவப்பு ஒட்டினேன். அடுத்ததை மாட்டினேன், அதுவும் போய்விட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் அறுபத்து மூன்று ஸ்பீக்கருக்குச் சிவப்பு ஒட்டி அடுக்கிவிட்டேன். லைன் நின்றுபோனது.

சூப்பர்வைசர் விமல்ராஜ் ஓடி வந்தான். மிஷினில் வைத்துப் பார்த்தால் அறுபத்து மூன்றும் தேறுகிறதாம். எல்லோர் முன்னாலும், காதை டாக்டரிடம் ஒருதரம் காட்டிக்கொள்ளச் சொன்னான். நாற்பத்தாறு வயதாகிவிட்டது பாருங்கள் என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஸ்பீக்கர் அத்தனையையும் அவன் தலையில் கொட்டியிருப்பேன். அப்போதுதான் வசந்த் வந்து, தப்பு தன்னுடையது என்றான். அவன் சவுண்டு டெஸ்டிங் இன்ஜினியர், டெஸ்ட் பாட்டுகளை வைப்பது மாற்றுவது எல்லாம் அவன் பொறுப்பு.

“அக்கா, சவுண்டு ஸ்பீக்கர்ல இல்லக்கா. பாட்டுலயே கீது.”

அது என்ன இழவு பாட்டு என்று கேட்டேன். வசந்துக்குப் பழைய பாட்டுப் பைத்தியம். எனக்கும் விமல்ராஜுக்கும் அங்கேயே பாடம் எடுத்தான். அறுபதுகளில் மெட்ராஸில் ‘தி லைட்ஹவுஸ் பாய்ஸ்’ என்று நாலு பையன்கள் ஒரு பேண்டு வைத்திருந்தார்களாம். ஹோட்டல்களில் கோட்டுப் போட்டு, கிடார் அடித்து ஆடுவார்களாம். ‘கம் டு தி பீச், கமலா’ என்று ஒரு பாட்டு சக்கைப்போடு போட்டதாம். ஊருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஆனால் அறுபத்தெட்டில் கோடம்பாக்கத்தில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து பதினோரு நிமிடத்துக்கு ஒரு பாட்டை வேறு தினுசாகப் பதிந்திருக்கிறார்கள். அந்தத் தினுசுக்குச் சைக்கடெலிக் என்று பேராம். வெளிநாட்டில் மருந்தைப் போட்டுக்கொண்டு அப்படிப் பாடுவார்களாம், நம் பையன்கள் டீயைக் குடித்துவிட்டே பாடியிருக்கிறார்கள். ரெக்கார்டு கம்பெனி வேண்டாம் என்று தள்ளிவிட்டது. ஒரே ஒரு டேப், அது பஸ் டிரைவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்ததாம். அவருடைய அப்பா அந்தப் பேண்டுக்கு வேன் ஓட்டியவர். போன வருடம் அவர் செத்த பிறகு, கேட்கிற மாதிரி ஆக்கிக் கொடுக்க முடியுமா என்று புருஷோத்தமன் இவனிடம் கொடுத்திருக்கிறார். இவன் லேபில் வைத்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அப்படியே என் தலையிலும் கட்டிவிட்டான். இந்த மாதிரிப் பாட்டில்தான் ஸ்பீக்கரின் வண்டவாளம் தெரியுமாம்.

சைக்கிளோ பைக்கோ, என் காதில் ஒரு கோளாறும் இல்லை என்பது இந்த ஆளுக்குப் புரிய வேண்டும் என்று விமல்ராஜைக் காட்டிச் சொன்னேன். அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். எங்கள் கம்பெனியில் கோளாறு என்றால் எந்த நிமிடம், எந்த செகண்டு, என்ன சத்தம் என்று படிவத்தில் எழுத வேண்டும். பதினோரு நிமிடப் பாட்டை நாலு தரம் கேட்டு எழுதினேன். நாற்காலி நகர்ந்தது, யாரோ இருமியது, ஒயர் உரசியது, கண்ணாடி வளையல், வளையல், வளையல். வசந்த் படிவத்தைப் படித்துவிட்டு வாயைப் பிளந்தான். இதை வைத்தே பாட்டைச் சுத்தமாக்கி டிரைவருக்குக் கொடுத்துவிடலாம், மனிதர் அசந்துபோவார் என்றான். விமல்ராஜ் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். அவ்வளவு அற்பமான சந்தோஷம் அது, இப்போது நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

வேலைக்கு நடுவே வசந்த் அதைச் சுத்தம் செய்ய ஐந்து வாரம் பிடித்தது. அதுவரை என் அறையில் பழைய பாட்டே ஓடிக்கொண்டிருந்தது. நான் ஸ்பீக்கரை மாற்றி மாற்றி மாட்டுவேன், அது பாட்டுக்குத் திரும்பத் திரும்பச் சுற்றும். ஒரு வாரம் எரிச்சலாகக் கேட்டேன். இரண்டாம் வாரம் அந்தப் பின்னால் போகிற கிடார் பழகிவிட்டது. அதற்கப்புறம் கிடாரும் வேண்டாம், பாடுகிறவனும் வேண்டாம் என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, தம்புராவுக்குப் பின்னாலிருந்த அந்தக் கையை மட்டும் கேட்க ஆரம்பித்தேன்.

பேண்டில் இருந்தது நாலு ஆண்பிள்ளைகள். ஆனால் தம்புரா போட்டது ஒரு பெண். இந்த விஷயம் வசந்துக்குக்கூடத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். வலது கை மீட்டுகிறது, இடது கை தம்புராவைப் பிடித்திருக்கிறது. இரண்டு கையிலும் வளையல், அதுவும் ஒன்றிரண்டு இல்லை. இரண்டாம் நிமிடத்தில் கை வலித்து மாற்றி உட்காருகிறாள், ஒரு கொத்து சரிகிறது. ஆறாம் நிமிடத்தில் தூக்கம் தட்டுகிறது போல, சுதி தளர்ந்து மறுபடி பிடிக்கிறாள். எட்டாம் நிமிடத்தில் ஒரே ஒரு வளையல். முந்தானையைச் சரிசெய்திருப்பாள் என்று நானாக வைத்துக்கொண்டேன். நான்கு ஆண்பிள்ளைகள் ஆளாளுக்குக் கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, இவள் ஒருத்தி வாயைத் திறக்காமல் பதினோரு நிமிடம் உட்கார்ந்திருக்கிறாள். அவளை எனக்குத் தெரியும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரூமில் சோறு வடிக்கும்போது அவளிடம் பேச ஆரம்பித்தேன். இன்றைக்குக் கத்தரிக்காய்தான்மா என்பேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை தொண்டை கட்டவில்லை.

வசந்திடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தம்பி, வளையலை மட்டும் விட்டுவிடு என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பான். நாமே கோளாறு என்று எழுதிக் கொடுத்ததை எந்த முகத்தோடு வேண்டும் என்று கேட்பது? விமல்ராஜ் சிரிப்பானே என்று இருந்தது. அந்த வீம்பில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை வந்த வாரம், திங்கட்கிழமை, புதுப் பாட்டு ஏறியது. தம்புரா இருந்தது. பளிங்கு மாதிரி சுத்தம். இரண்டாம் நிமிடம் வந்தது, போனது. எட்டாம் நிமிடம் வந்தது, போனது. அவள் இல்லை. எட்டுக்கு எட்டு அறையில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பழையபடி தனியாகிவிட்டேன் என்று அழுகை வந்தது. ஸ்பீக்கர் மேல் தண்ணீர் படக்கூடாது என்று வெளியே போய் அழுதேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் கூட்டமில்லை. சிக்னலில் நின்றபோது புருஷோத்தமன் திரும்பி, வசந்த் சார் பாட்டு ரெடி என்று சொன்னார் என்றார். ஆயுத பூஜை அன்று மேனேஜர் அனுமதி கொடுத்திருக்கிறாராம், என் அறையிலேயே உட்கார்ந்து பெரிய ஸ்பீக்கரில் கேட்கலாமாம். அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. பேண்டு பாட்டு அவ்வளவு பிடிக்குமா என்று கேட்டேன்.

“பாட்டு யாருக்கும்மா வோணும்? எங்கம்மா அதுல கீது.”

தண்டலம் தாண்டுவதற்குள் மொத்தத்தையும் சொல்லிவிட்டார். அம்மா வல்லக்கோட்டையில் பஜனைக்குத் தம்புரா போட்டவள். பேண்டுப் பையன்களுக்குப் பதினோரு நிமிடம் ஒரே சீராகத் தம்புரா மீட்டப் பொறுமை இல்லை, அதனால் வேன் ஓட்டுகிற அப்பா தன் பெண்சாதியைக் கூட்டிப்போய் உட்காரவைத்திருக்கிறார். அப்போது அவளுக்கு ஒன்பதாம் மாதம். இவரைப் பெற்ற அன்றே போய்விட்டாள். இவரைச் சின்னம்மாதான் வளர்த்தார்கள். ஒரு போட்டோகூடக் கிடையாது. அம்மா எப்படி இருப்பாள் என்று கேட்டால், கண்ணாடியில் போய் உன் மூஞ்சியைப் பாருடா என்பாராம் அப்பா.

“வளைகாப்பு போட்ட வளையலும்மா. பிரசவம் ஆற வரைக்கும் கயட்டக் கூடாதுல்ல. ரெக்கார்டு பண்றவன் கத்துனானாம், அத்த கயட்டும்மான்னு. மாட்டேன்னுட்ச்சாம். அதனாலதான் கம்பெனிக்காரன் பாட்டயே வேணாம்னுட்டான்னு நைனா சொல்லும். நான் உள்ள கீறப்போ கேட்டுக்கினு இருந்த சத்தம்மா அது.”

வளைகாப்பு வளையல் சத்தம் தெரியாதவளா நான்? பிள்ளை இல்லாதவள் என்று எத்தனை வளைகாப்பில் என்னை மனைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, உனக்கும் சீக்கிரம் நடக்கட்டும் என்று கை நிறையப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அப்புறம் போவதையே நிறுத்திவிட்டேன். அந்தச் சத்தத்தைப் பாட்டில் கேட்ட முதல் நாளே ஏன் அவ்வளவு எரிச்சல் வந்தது என்று அந்த பஸ்ஸில்தான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் ஷிப்டு ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே வசந்தைப் பிடித்தேன். பழைய பாட்டைத் திரும்ப ஏற்று என்றேன். அவன் முழித்தான். பழசு இல்லை. லேப் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு சத்தமாக எடுத்து எடுத்து அதன்மேலேயே சேமித்திருக்கிறான். புதுசு ஏறினால் பழசை அழிப்பது கம்பெனி விதி, அதுவும் நடந்துவிட்டது. பென் டிரைவில் வெளியே கொண்டுபோக அனுமதி இல்லாததால் வேறு பிரதியும் கிடையாது. டேப்பைக் கேட்டேன். மேஜை டிராயரிலிருந்து எடுத்துக் காட்டினான். ஐம்பது வருடத்து டேப், ஒரு தரம் ஓடியதற்கே மேலிருந்த பழுப்புப் பொடி எல்லாம் உதிர்ந்து, வெறும் ரிப்பன் மாதிரி இருந்தது. டிரைவரிடம் தானே சொல்லிவிடுகிறேன் என்றான். வேண்டாம், எழுதிக் கொடுத்தது நான், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

சொல்வதற்கு நாலு நாள் இருந்தது. எட்டுத் தரம் அவர் பஸ்ஸில் ஏறி இறங்கினேன். ‘போலாம்ணா’வைத் தவிர ஒன்றும் வாயில் வரவில்லை.

ஆயுத பூஜை அன்று மிஷின் எல்லாம் நின்றிருந்தது. ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம், வாசலில் பூசணிக்காய், குடும்பம் குடும்பமாக ஜனங்கள். புருஷோத்தமன் பஸ்ஸுக்கு மாலை போட்டுவிட்டு, புது வெள்ளைச் சட்டையில் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு என் அறைக்குள் நுழைந்தார். கோயிலா இது, செருப்போடு வாங்கண்ணா என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. என் நாற்காலியில் அவரை உட்காரவைத்தேன். வசந்த் கண்ணாடிக்கு வெளியே நின்று பாட்டைப் போட்டான். கதவைச் சாத்தினேன். போடுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குள் தம்புரா ஆரம்பித்துவிட்டது.

கண்ணை மூடிக் கேட்டார். கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, கோயிலில் சாமி வரக் காத்திருப்பவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாலாம் நிமிடத்தில் தலையைச் சாய்த்தார். ஏழாம் நிமிடத்தில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்து காதைக் கொடுத்தார், முதலில் வலது காது, பிறகு இடது காது. பதினோரு நிமிடம் முடிந்தது. கண்ணைத் திறந்தார், கண் காய்ந்திருந்தது.

அண்ணா, ஒரு விஷயம் சொல்லணும் என்று ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

“முப்பது வருசம் என்ஜின் பக்கத்துல குந்திக்கினு வண்டி ஓட்டனவன்மா நானு. காது அவிஞ்சிப்போச்சு. இத்தினி நாள் காத்துக்கினு இருந்தும் எனக்குக் குடுத்து வெக்கல பாரு.” என் பக்கம் திரும்பினார். “கம்பெனில உன் காது மாதிரி காதே இல்லன்றாங்க. உனுக்கு கேக்குதாம்மா? எங்கம்மா வளையலு?”

பதினான்கு வருடத்தில் கெட்டதை நல்லது என்று நான் ஒரு தரமும் சொன்னதில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அந்த நொடிவரைக்கும் உறுதியாகத்தான் இருந்தேன். ஆனால் அந்த மனிதர் தன் காதைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அழித்தது நான்தான் என்று சொன்னால் என் மனப்பாரம் இறங்கும், அவருக்கு என்ன கிடைக்கும்? அவருடைய அம்மா இரண்டாம் தரம் செத்துப்போவாள். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

“கேக்குதுண்ணா,” என்றேன்.

அப்படியே என் முகத்தைப் பார்த்தார். எங்கே, எந்த இடத்தில் என்று கேட்டார். எனக்குக் காட்டும்மா என்றார்.

கண்ணாடி வழியாக வசந்துக்கு இன்னொரு தரம் போடு என்று ஜாடை காட்டினேன். அவன் தயங்கினான், பிறகு போட்டான். புருஷோத்தமனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இருபத்தொன்பது இடமும் எனக்கு மனப்பாடம். முதல் நிமிடம் நாற்பதாம் செகண்டில் ஒரு விரலைத் தூக்கினேன். இங்கே என்று அர்த்தம். இரண்டாம் நிமிடத்தில் கொத்தாக வரும் இடத்தில் நாலு விரலையும் தூக்கினேன். கை மாற்றி உட்காருகிறார்கள் அண்ணா என்று சொன்னேன். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாம் நிமிடத்தில் தூக்கம் வந்துவிட்டது அவர்களுக்கு, பாவம், வயிற்றுப் பிள்ளைக்காரி என்றேன். அவர் சிரித்தார். எட்டாம் நிமிடத்தில் ஒற்றை வளையல், முந்தானையை இழுத்துவிட்டார்கள் என்றேன். சிரித்தபடியே அழுதார். எனக்கு அந்த அறையில் தம்புராவைத் தவிர ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவளுக்காக ஐந்து வாரம் காத்திருந்த மாதிரியே அன்றைக்கும் காத்திருந்தேன், அவள் வரவில்லை.

பத்தாம் நிமிடத்தில் என் பட்டியலில் ஒன்றுமே கிடையாது. கையை மடியில் வைத்திருந்தேன். புருஷோத்தமன் சட்டென்று நிமிர்ந்து, தானாகவே ஒரு விரலைத் தூக்கினார்.

“த்தோ. இப்ப கேட்டுச்சும்மா,” என்றார்.

நானும் என் விரலைத் தூக்கினேன்.